கை எழுதுவது ஒன்று, காது கேட்பது இன்னொன்று

பம்பாயில் தமிழனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த பொருள்களைக் கணக்கெடுத்தால், கூராகச் சீவிய பென்சிலுக்கும் கோடு போட்ட நோட்டுக்கும் முன்வரிசையில் இடம் உண்டு. 1920களில் தொடங்கி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பக்கத்துப் பையன்கள் மெட்ரிக் முடித்த கையோடு டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு, சான்றிதழை டிரங்குப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ரயிலேறினார்கள். மாதுங்காவில் யாராவது ஊர்க்காரர் அறையில் பாயை விரித்தார்கள். கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் ஸ்டெனோவாக உட்கார்ந்தார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932ல் மாதுங்காவில் தோன்றியது இவர்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்காகத்தான். மாதுங்கா நிரம்பியபோது குடும்பங்கள் செம்பூருக்கு நகர்ந்தன. குமாஸ்தா மேசைகளையெல்லாம் தென்னிந்தியர் பிடித்துக்கொண்டார்கள் என்ற கோபம்தான் 1966ல் தொடங்கிய சிவசேனைக்கு முதல் தீனி. அரசியலை இத்துடன் விடலாம். அந்த ஸ்டெனோ மேசையில் நடந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மனம் ஒரு வேலையில் எப்படி ஊன்றி நிற்கிறது என்பதற்கு அதைவிடத் துல்லியமான சோதனையை எந்த உளவியல் ஆய்வுக்கூடமும் எளிதில் அமைத்துவிட முடியாது.

ஐசக் பிட்மன் தன் முறையை வெளியிட்டது 1837ல். அது எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடிக்கும் முறை. 'பேப்பர்' என்பதன் முதல் ஒலிக்குச் சாய்வான ஒரு மெல்லிய கோடு. 'பாம்பே' என்பதன் முதல் ஒலிக்கும் அதே கோடு, அதே சாய்வு. அழுத்தம் மட்டும் கூடுதல். தமிழில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து என்பதால், நம் பையன்கள் கையைப் பழக்குவதற்கு முன்பு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கோடும் உண்டு. வேகம் கூடினால் அவற்றுக்கு நேரமிருக்காது, விட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக, சொல்லின் உருவை நோட்டின் கோட்டுக்கு மேலே போடுகிறோமா, கோட்டின் மீது உட்கார வைக்கிறோமா, கோட்டை வெட்டிக்கொண்டு போக விடுகிறோமா என்பதே முதல் உயிரொலி என்ன என்று காட்டிக் கொடுத்துவிடும். பென்சில் ஒரு மயிரிழை தடித்துப் போனாலோ, அரைக்கால் அங்குலம் கீழே இறங்கினாலோ சொல்லே மாறிவிடும்.

இத்தனையையும் என்ன வேகத்தில் செய்ய வேண்டும்? மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் இன்றும் ஸ்டெனோகிராபர் வேலைக்கு நிமிடத்துக்கு 80 சொல், மேல் நிலைக்கு 100 சொல் என்று பத்து நிமிடம் சொல்லிச் சோதிக்கிறது. நிமிடத்துக்கு 120 சொல் எழுதுகிறவர் கெட்டிக்காரர். வினாடிக்கு இரண்டு சொல். ஆனால் எந்த மேனேஜரும் வினாடிக்கு இரண்டு சொல் என்று அளந்து பேசுவதில்லை. ஜன்னலைப் பார்த்து யோசிப்பார்; பிறகு எட்டுச் சொல்லை ஒரே மூச்சில் கொட்டுவார். கை அதே மாதிரி ஓடி ஓடி நின்றால் உருக்கள் சிதைந்துவிடும். எனவே தேர்ந்த ஸ்டெனோ கையைச் சீரான நடையில் விட்டுவிட்டு, சொற்களைத் தலைக்குள் சுமந்துகொண்டு பின்தொடர்வார். காது இந்தச் சொல்லில் இருக்கும்போது கை நான்கைந்து சொல் பின்னால் இருக்கும். கேட்பது ஒரு வாக்கியம், எழுதுவது அதற்கு முந்தைய வாக்கியத்தின் வால்.

மனித மனத்தின் கைச்சுமை மிகச் சிறியது. ஏழு பொருள் வரை தாங்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதியது எல்லாப் பாடப்புத்தகத்திலும் ஏறியது. நெல்சன் கவன் 2001ல் அதுவரை வந்த சோதனைகளையெல்லாம் அலசிவிட்டு, உண்மையில் நான்குதான் என்றார். நான்கு பொருள் மட்டும் தாங்குகிற மனத்தில் வினாடிக்கு இரண்டு சொல் வீதம் கொட்டினால் இரண்டே வினாடியில் நிரம்பி வழிய வேண்டும். வழியாமல் காப்பது பயிற்சி. 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்ற ஐந்து சொல் பழகிய ஸ்டெனோவுக்கு ஒரே பொருள். கையும் அதைப் பென்சில் தூக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடும். அவருடைய மனப்பையும் நம்முடையதைப் போல நான்கு பொருள் கொள்ளளவுதான். அந்த நான்கில் ஒவ்வொன்றும் ஒரு மூட்டை.

இதை ஆய்வுக்கூடத்தில் மறுபடி செய்து பார்த்தவர்கள் உண்டு. எலிசபெத் ஸ்பெல்க்கி, வில்லியம் ஹர்ஸ்ட், உல்ரிக் நைசர் ஆகிய மூவரும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை உட்காரவைத்து, சிறுகதையை மனத்துக்குள் படித்துக்கொண்டே, வாயால் சொல்லப்படும் சொற்களை எழுதவும் சொன்னார்கள். முதலில் படிப்பு நொண்டியது, எழுத்து கிறுக்கலானது. சில வாரம் அன்றாடம் பழகிய பிறகு படிக்கும் வேகமும் புரிதலும் பழைய நிலைக்கே திரும்பின, எழுதுவதும் நிற்கவில்லை. 1976ல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது இன்னொரு சங்கதி. சொல்லப்பட்ட சொற்களில் சில ஒரே வகையைச் சேர்ந்தவை என்பதை அந்த இருவரும் கவனிக்கவே இல்லை. கை ஒழுங்காக எழுதியது, பொருள் உள்ளே போகவில்லை. அதையும் கவனிக்கும்படி தனியாகப் பழக்கிய பிறகுதான் பிடிபட்டது.

ஆக, 'ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் முடியும்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஸ்டெனோ ஒரே நேரத்தில் கேட்கிறார், சுமக்கிறார், எழுதுகிறார். ஆனால் மூன்றும் ஒரே கடிதத்தைச் சேர்ந்தவை. ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டு, வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு, கணக்கு எழுதும் இளைஞரோடு இதை ஒப்பிட முடியாது.

டிக்டேஷன் நடக்கும்போது ஸ்டெனோவின் மனம் ஊருக்குப் போகாதா? போகாது. போக இடமில்லை. ஒரு வினாடி போய்த் திரும்பினால் இரண்டு சொல் காணாமல் போயிருக்கும், அது உடனே தெரிந்துவிடும். இந்த 'உடனே தெரிந்துவிடும்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வேலையற்ற மனம் சும்மா இருப்பதில்லை. மூளை நம் எடையில் ஏறக்குறைய 2 சதவிகிதம். உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவிகிதத்தை அது எடுத்துக்கொள்கிறது. நாம் கணக்குப் போட்டாலும் சரி, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் சரி, அந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. செயின்ட் லூயிஸில் மார்கஸ் ரெய்க்கிலும் கூட்டாளிகளும் மூளைப் படங்களை ஒப்பிட்டு, வெளி வேலை தொடங்கியதும் சில பகுதிகளின் செயல்பாடு அடங்குவதையும், வேலை நின்றதும் அவை மறுபடி எழுவதையும் கண்டார்கள். 2001ல் அவர்கள் இதை மூளையின் இயல்பிருப்பு நிலை என்று விவரித்தார்கள். நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பது போன்ற யோசனைகளின் இருப்பிடம் அதுதான். 2010ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2250 பேரின் கைப்பேசியில் நாளில் பல முறை கேள்வி அனுப்பிப் பார்த்ததில், 46.9 சதவிகித நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. காதல் புரியும் நேரம் ஒன்றைத் தவிர வேறெந்த வேலையிலும் அலைச்சல் 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கவில்லை. அலைகிற மனம் மகிழ்ச்சி குறைந்த மனம் என்பதும் அவர்கள் கண்டது.

இதைப் படித்துவிட்டுத்தான் பலர் தியானத்துக்கு ஓடுகிறார்கள். மும்பைக்காரர்களுக்கு வசதி, இகத்புரி பக்கத்திலேயே இருக்கிறது. விபாசனா தியான ஆசிரியர் கோயங்காவின் தம்மகிரி மையத்தில் 1976 முதல் பத்து நாள் மௌனப் பயிற்சி நடக்கிறது. போய் வந்தவர்களுக்குப் பலன் இருக்கலாம், நான் அதில் குறுக்கே நிற்கவில்லை. பத்து நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியாதவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தாராவிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள் இங்கே தோல் பதனிட்டார்கள். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. பையும் பெல்ட்டும் பர்ஸும் தைக்கிற கார்கானாக்கள் இருக்கின்றன. மாடியேற மரஏணி, உள்ளே நான்கைந்து மிஷின், தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். தோல் தைப்பவருக்கும் துணி தைப்பவருக்கும் உள்ள வேறுபாடு ஒரு துளையில் இருக்கிறது. துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் துளை துளைதான், ஆயுளுக்கும் மூடாது. பர்ஸின் மூலையில் அவர் மிஷினை நிறுத்தி, ஊசியைத் தோலுக்குள் இருத்தி வைத்துக்கொண்டு, அழுத்துகாலைத் தூக்கி, பர்ஸைத் திருப்பி, காலை இறக்கி மறுபடி மிதிக்கிறார். ஊசி வெளியே இருக்கும்போது திருப்பினால் அடுத்த துளை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அந்த ஓர் அசைவில் கண், கை, கால் மூன்றும் கூடி நிற்கின்றன.

தோல் வெட்டுகிறவர் வேலை இன்னும் நுட்பம். ஒரு தோல் மாதிரி இன்னொன்று இருக்காது. முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு. முள் கீறிய வடு, உண்ணி கடித்த புள்ளி, சூட்டுக்குறி. அச்சை எங்கே வைத்தால் வடு வெளியில் தெரியாது, எங்கே வைத்தால் இழுவை ஒரே திசையில் வரும், எப்படி வைத்தால் வீணாவது குறையும் என்று ஒவ்வொரு தோலும் புதிதாகக் கேள்வி கேட்கிறது. பதில் தப்பினால் அடுத்த கத்திவெட்டிலேயே தெரிந்துவிடும்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளர் 1970களிலிருந்து வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது இந்த நிலையைத்தான். மலையேறுகிறவர், செஸ் ஆடுகிறவர், அறுவை மருத்துவர் என்று பலரிடம் கேட்டு, வேலையில் கரைந்துபோவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு என்றார்: என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும், வேலையின் கடினமும் ஆளின் திறமையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அவரும் ஜூடித் லெஃபெவ்ரும் 1989ல் வெளியிட்ட ஆய்வு வேடிக்கையானது. 78 ஊழியர்களிடம் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள், எப்படி இருக்கிறது என்று குறிக்கச் சொன்னார்கள். சவாலும் திறமையும் கூடிவந்த தருணங்கள் வேலை நேரத்தில் பாதிக்கு மேல். ஓய்வு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் வேலையில் இருந்தபோது 'வேறேதாவது செய்தால் தேவலை' என்றுதான் அதிகம் பேர் எழுதினார்கள். தோல் கார்கானாவில் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். குறைந்த கூலியும் கொதிக்கிற தகரக் கூரையும் இருக்கிற இடத்தில் மனம் ஊன்றி நிற்கிறது என்பதற்காக அதை ஆனந்தம் என்று யாரும் கவிதை எழுதவேண்டாம்.

எல்லா வேலைக்கும் முழு மனம் வேண்டுமா என்ன? தாராவிச் சந்துகளில் பெண்கள் அப்பளம் தேய்த்து, கவிழ்த்த மூங்கில் கூடைகளின் முதுகில் காயப்போடுவார்கள். கைகள் தேய்த்துக்கொண்டே இருக்கும், வாய்கள் பேசிக்கொண்டே இருக்கும். கை தானாகச் செய்யும் அளவுக்கு வேலை ஊறிவிட்ட இடத்தில் பேச்சு இடைஞ்சல் செய்வதில்லை. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் பொழுது எப்படிப் போகும்? அங்கே போய் 'இந்தக் கணத்தில் இருங்கள் அக்கா' என்று உபதேசிப்பது அதிகப்பிரசங்கித்தனம்.

முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய வேலையில் கதை வேறு. எரிக் ஆல்ட்மன் குழுவினர் 2014ல் 300 பேரிடம் அப்படி ஒரு வேலையைக் கொடுத்து, நடுநடுவே சின்னக் குறுக்கீடு செய்தார்கள். 2.8 வினாடி குறுக்கிட்டதற்கே வரிசைப் பிழைகள் இரண்டு மடங்கு. 4.4 வினாடிக்கு மூன்று மடங்கு. கைப்பேசி 'டிங்' என்றதும் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். டிக்டேஷனை நிறுத்திவிட்டுப் போன் பேசிய மேனேஜர், ஸ்டெனோவுக்கு ஒருவகையில் நல்லதே செய்தார். குறுக்கீடு வந்தால் இருவருக்கும் சேர்ந்தே வந்தது, 'எதில் விட்டோம்?' என்று கேட்டால் கடைசி வரியைப் படித்துக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பதில் சொல்லும் வேலைகள். எதுவுமே நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சில பேருக்கு வேலை, அதுதான் கஷ்டம். செம்பூரைத் தாண்டிக் கிழக்கே போனால் மாகுலின் சுத்திகரிப்பு ஆலைகள், ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் உரத் தொழிற்சாலை, டிராம்பேயில் மின்நிலையம், அணுசக்தி ஆய்வு மையம். ஒவ்வொன்றிலும் கட்டுப்பாட்டு அறை உண்டு. அங்கே இரவு ஷிப்டில் இருப்பவரின் வேலை, சரியாக இருக்கிற எண்கள் சரியாகவே இருக்கின்றனவா என்று பார்ப்பது. முந்நூறு இரவு ஒன்றும் நடக்காது. முந்நூற்றோராவது இரவுக்காகத்தான் சம்பளம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு இதே தலைவலி வந்தது. ரேடார் திரையில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஆட்கள், பணி தொடங்கிச் சிறிது நேரத்திலேயே கண்ணெதிரே வந்த புள்ளியைத் தவறவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் ஒரு போலிக் கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெள்ளை முகத்தில் ஒரே முள், வினாடிக்கு ஒரு தாவல், எப்போதாவது இரட்டைத் தாவல். இரட்டைத் தாவலைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம். முதல் அரை மணியிலேயே தவறவிடுவது கூடத் தொடங்கியது. 1948ல் வெளியான இந்த ஆய்வில் எல்லோரும் சரிவை நினைவு வைத்துக்கொள்கிறார்கள். சரிவை அவர் தடுத்துக் காட்டியதை மறந்துவிடுகிறார்கள். அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றியபோது சரிவு வரவில்லை. பிடித்தது எது, விட்டது எது என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருந்தபோதும் வரவில்லை. அந்த ஆட்களின் மன உறுதி இடையில் கூடிவிடவில்லை. வேலை அவர்களோடு பேச ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

செம்பூர் வழியாக ஓடும் ஹார்பர் லைன் லோக்கலின் முன் கேபினில் மோட்டார்மேன் தனி ஆள். கார்டு வண்டியின் பின்கோடியில். கார்டு இரண்டு மணி அடித்தால் கிளம்பலாம் என்று பொருள். மோட்டார்மேன் அதே இரண்டு மணியைத் திருப்பி அடித்துவிட்டுத்தான் நகர்த்துவார். இந்தத் திருப்பியடித்தலைச் சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. கேட்டேன் என்பதற்கும் கேட்டது இதுதான் என்பதற்கும் உள்ள தூரத்தை அது அடைக்கிறது. அவர் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பிரேக் விழும். மயங்கி விழுந்தவரிடமிருந்து அது பயணிகளைக் காப்பாற்றும். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, கையைப் பழக்கத்தில் அழுத்திக்கொண்டு, மனத்தை மகள் கல்யாணத்தில் விட்டிருப்பவரை அந்தக் கைப்பிடியால் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் மும்பைப் புறநகர்ப் பாதைகளில் துணை எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. சிக்னலுக்கு ஏற்ப கேபினில் ஒலி எழும், ஏற்றுக்கொண்டதாகக் காட்டாவிட்டால் வண்டி தானே நின்றுவிடும்.

இதைவிட மலிவான கருவி வாய். நெடுந்தூர ரயில்களில் சிக்னல் கண்ணில் பட்டதும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது இந்திய ரயில்வேயின் பொது விதி. ஜப்பானில் ஓட்டுநர் தனியாக இருந்தாலும் சொல்வார்; வெள்ளைக் கையுறை போட்ட விரலால் சிக்னலைச் சுட்டிக்கொண்டே சொல்வார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். 1994ல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஓர் எளிய வேலையில் இதை அளந்து பார்த்தது. ஒன்றும் செய்யாதபோது நூற்றுக்கு 2.38 பிழை, சுட்டியும் சொல்லியும் செய்தபோது 0.38. கண் பார்த்ததை விரல் தொட, வாய் சொல்ல, சொன்னதைத் தன் காதே கேட்க, மனத்துக்கு வேறிடம் போக வழி அடைபடுகிறது. பதில் சொல்லாத வேலைக்கு ஓட்டுநர் தானே பதில் சொல்லிக்கொள்கிறார்.

'கவனமாக வேலை செய்யவும்' என்று சுவரில் எழுதிவைப்பதால் ஆகிற காரியம் ஒன்றுமில்லை என்பதே என் முடிவு. மேக்வொர்த்தின் ஆய்வு வந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஸ்கேனர் திரைக்கு முன்னால், சிசிடிவி திரைக்கு முன்னால் மணிக்கணக்கில் ஒரே ஆளை உட்காரவைத்துவிட்டு, தவறவிட்டதற்கு மெமோ கொடுக்கிறோம். உங்கள் பொறுப்பில் கார்கானாவோ, கடையோ, கட்டுப்பாட்டு அறையோ இருந்தால், அரை மணிக்கு ஒருமுறை ஆளை இடம் மாற்றிப் பாருங்கள். எண்ணுகிறவரை உரக்க எண்ணச் சொல்லுங்கள். அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கூப்பிடாதீர்கள். இவற்றில் எதற்கும் காசு செலவில்லை.